நாலு வாசல் வீடு

என் மனைவி வீடு பார்க்க வந்தால் வீட்டைப் பார்க்க மாட்டாள். வாசலை எண்ணுவாள். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு வீடு ஆனது. என்னை மரமண்டை என்று அவள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவன் நான். காலண்டரில் முருகன் முகத்துக்குச் சிவப்பு ஒரு துளி கூடினாலும் லென்ஸ் வைக்காமலே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட கண் என்று பிரஸ் வட்டாரத்தில் எனக்குப் பேர். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான், இருபத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியாமல் பதினோரு வீடு அலைந்தேன்.

அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வந்தவள். பட்டாசு ரூம் எப்படி இருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன ரூம். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. நாலு பக்கமும் வாசல். கதவெல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும். ஏதாவது ஒன்று என்றால் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாயோ அந்தப் பக்கம் எழுந்து ஓட வேண்டும், அவ்வளவுதான். அவள் வேலை பார்த்த ரூம் ஒரு நாள் வெடித்தது, அவள் ஓடிப் பிழைத்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் உள்ரூமில் படுத்ததில்லை. வாடகை வீட்டில் தெருவாசல் நிலையை ஒட்டிப் பாயை விரித்து, தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிற தூரத்தில் படுப்பாள். ஏன் என்று கேட்டால் "காத்து வருதுல்ல" என்பாள். மார்கழிப் பனியில் எவளாவது காற்றுக்காக வாசலில் படுப்பாளா என்று யோசிக்காமல் நானும் சரி சரி என்று உள்ளே போய் குறட்டை விட்டிருக்கிறேன். என் அக்கா கோவில்பட்டியிலிருந்து வந்தால், "இவ என்ன காவல் தெய்வமா, குறுக்க படுத்துக் கெடக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே தாண்டிப் போவாள். அப்படிப் படுத்தும் அவள் அரைத் தூக்கம்தான் தூங்குவாள். ஒரு டம்ளர் உருண்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சொந்த வீடு என்று ஒன்று வாங்கினால் அதில் அவள் நிம்மதியாகக் கண்ணை மூட வேண்டும், விஷயம் இவ்வளவுதான். இதை அவள் வாய்திறந்து சொல்லியிருந்தால் என் பெட்ரோல் மிச்சம்.

வாடகை வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், தை பிறந்ததும் வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது தீபாவளி முடிந்த சமயம். பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் கேட்டைச் சாத்திவிட்டு ஓய்வாக இருந்தன. எங்களுக்கோ காலண்டர் சீசன், மூச்சுவிட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் வீடு பார்க்கப் போக முடியும். ஒரு புரோக்கர் கிடைத்தார். இடிந்து கிடக்கும் வீட்டையும் ராசியான வீடு என்று கூசாமல் சொல்கிற மனுஷன்.

அவர் காட்டிய வீடு ஒவ்வொன்றுக்கும் என் மனைவி ஒரு காரணம் வைத்திருந்தாள். ஒரு வீட்டில் சமையற்கட்டு இருட்டு. ஒரு வீட்டில் எதிர்வீட்டு நாய் முறைத்தது. இன்னொரு வீட்டில், "அந்தம்மா சிரிக்கவே மாட்டேங்கு" என்றாள். அந்தம்மா வீட்டை விற்றுவிட்டுப் போகப்போகிறவர், அவர் சிரித்தால் என்ன, அழுதால் என்ன? பதினோராவதாக விருதுநகரில் புத்தம் புதிய அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்க்கப் போனோம். மூன்றாவது மாடி. அவள் முதல் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏறிட்டா எறங்க ஒரு வழிதான இருக்கு" என்றாள்.

"எறங்க எத்தன வழி வேணும் மதினி? ஆளுக்கு ஒரு வழியா?" என்று புரோக்கர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படிக்கட்டில் நின்றபோதுதான், அதுவரை பார்த்த பத்து வீட்டிலும் அவள் உள்ளே நுழைந்ததும் முதலில் எங்கே போய் நின்றாள் என்பது ஞாபகம் வந்தது. பின்வாசல். பின்வாசல் இல்லாத வீட்டில் ஜன்னல். ஜன்னலில் கம்பி இருந்தால் அந்தக் கம்பியை ஒரு தரம் பிடித்து ஆட்டிப் பார்ப்பாள். அடப்பாவி, இதைக் கவனிக்க எனக்கு இத்தனை நாளா என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனாலும் நேராக அவளிடம் கேட்க வாய் வரவில்லை. புரோக்கரிடம் மட்டும், வாசல் நிறைய இருக்கிற வீடாகப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. காட்டவே கூச்சமா இருக்கு. வாசல் மட்டுந்தான் நெறைய இருக்கு. வீடுன்னு சொல்ல முடியாது."

சாத்தூர் ரோட்டில் ஒரு தெருக்கோடியில் இருந்தது. மர உத்தரத்தின் மேல் செங்கல் பாவிய பழைய மட்டப்பா வீடு. மேலே நாலு இடத்தில் வானம் தெரிந்தது. சுவரில் ஒரு அரசங்கன்று என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து காற்றில் ஆடியது. உத்தரத்தில் கரையான். தரையில் கால் வைத்தால் ஒரு கல் இறங்கும், ஒரு கல் ஏறும். நடுவில் பெரிய ஹால். அந்த ஹாலுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல், வடக்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல். நாலும் நேராக வெளியே போய்விடும்.

வீட்டுக்காரர் எழுபது வயதுப் பெரியவர். தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்ந்தவர், இப்போது குடியிருப்பது பக்கத்து வீட்டில். ஏன் இம்புட்டு வாசல் என்று கேட்டேன். அவர் வெட்கப்படுவார் என்று பார்த்தால், பெருமையாகத் தொடங்கிவிட்டார்.

"நாங்க அண்ணன் தம்பி நாலு பேரு. நாந்தான் கடைசி. எங்கப்பா கட்டுனப்ப கெழக்கு வாசல் ஒண்ணுதான். எங்க பெரியண்ணன் மக சடங்குல பந்தியில எங்க ரெண்டாவது அண்ணனுக்கு அப்பளம் வைக்கல."

"அப்பளமா?"

"வைக்கல தம்பி. மறந்தாகளோ, வேணும்னு செஞ்சாகளோ. அதுலேர்ந்து அவரு வாசல நான் மிதிக்க மாட்டேன்னு வடக்குச் செவத்த ஒடச்சு தனி வாசல் வச்சாரு. மூணாமவரு ரெண்டு பேரு கூடவும் சேர மாட்டேன்னு மேக்க ஒடச்சாரு. நான் மட்டும் எளக்காரமா? நான் தெக்க ஒடச்சேன்."

ஹாலில் அவர்கள் அப்பாவின் படம் மாட்டியிருந்ததால் ஹால் மட்டும் பொது. ஆடி அமாவாசைக்கு நாலு பேரும் நாலு வாசல் வழியாக வந்து மாலை போடுவார்களாம். ஒருத்தர் தலை தெரிந்தால் இன்னொருத்தர் வெளியேறிவிடுவார். அப்பா கழுத்தில் நாலு மாலை, மூக்கு மட்டும் தெரியுமாம். இப்போது மூன்று அண்ணன்களும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு வீட்டை இவர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். "எனக்கு இப்ப சண்ட போட ஆளு இல்ல தம்பி" என்று சொன்னபோது மட்டும் பெரியவர் குரல் இறங்கிவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி ஹாலின் நடுவில், உடைந்த தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு வீட்டில் நாற்காலி போட்டும் உட்காராதவள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துவிட்டு, "இத வாங்குவோங்க" என்றாள்.

புரோக்கர் என் காதில், "மதினிக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு கொத்தனாரைக் கூட்டிப் போனேன். மனுஷன் சுவரை விரல் முட்டியால் தட்டுவார், காதை வைப்பார், "ம்ச்" என்பார். இப்படியே வீடு முழுக்க "ம்ச்" கொட்டிக்கொண்டு வந்தார். மட்டப்பாவைப் பிரித்துக் கான்கிரீட் போட வேண்டும். தரையைப் பெயர்க்க வேண்டும். வயரிங் என்று ஒன்று இருப்பதாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. சுவர் மட்டும் சுண்ணாம்புச் சுவர், இன்னும் நூறு வருஷம் நிற்கும். எல்லாம் சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்தவர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இது ஹாலா, பஸ் ஸ்டாண்டா? மூணு வாசல அடைச்சிருவோம். அப்பத்தான் வீடு மாதிரி இருக்கும்."

"வாசல்ல கை வைக்கக் கூடாது" என்றாள் என் மனைவி. "கதவு நாலையும் மாத்துங்க. வெளிப்பக்கமா தொறக்கணும்."

"வீட்டுக் கதவு உள்ளதாம்மா தொறக்கணும். லட்சுமி உள்ள வரணும்ல."

"அப்ப கெழக்கு வாசல் உள்ள தொறக்கட்டும், லட்சுமி வரட்டும். மத்த மூணும் வெளிய தொறக்கணும், நாங்க போறதுக்கு."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் அரசங்கன்றைப் பார்த்தேன்.

எனக்கு என்னவோ மனசு துணியவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று பத்து நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். பிரஸ்ஸில் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் இடித்துக் கட்டு என்றார். ஒருத்தர் அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட வீடு ஆகாது என்றார். எனக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை, அப்புறம் யார் கூட அடித்துக்கொள்வது என்று கேட்டதற்கு, அதுதான் பொண்டாட்டி இருக்காளே என்றார். வீணாய்ப் போன தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஹாலை அளவு பிசகாமல் வரைந்து, கட்டிலை எங்கே போடுவது, பீரோவை எங்கே வைப்பது என்று பார்த்தேன். எங்கள் பீரோ ஆறரை அடி உயரம், அவள் அம்மா வீட்டுச் சீர். எந்தச் சுவரில் சாய்த்தாலும் வாசலோ உள்ரூம் கதவோ ஒன்று இடித்தது. நாலு வாசலும் இருந்தால் பீரோ ஹாலின் நடுவில்தான் நிற்க வேண்டும். வருகிறவர்கள் அதைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

அதனால் டீக்கடையில் வைத்துக் கொத்தனாரோடு ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டேன். தெற்கு வாசலை மட்டும் அடைத்துவிடுவது.

"அம்மா ஒத்துக்குவாகளா?" என்றார்.

"மூணு வாசல் இருக்குல்ல. ஒண்ணு கொறஞ்சா குடியா முழுகிரும்? செங்கல் வச்சு பூசிட்டுச் சொல்லிக்கலாம்."

இந்த யோசனை வந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்க வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று பார்த்து வைத்தேன். அதற்குள் என் கை சும்மா இருக்கவில்லை. விருதுநகரில் ஒரு டைல்ஸ் கடையில் மிச்சச் சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று புரோக்கர் சொன்னார். போய்ப் பார்த்தேன். சந்தன நிறம், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இம்மி மாற்றமில்லை. கலர் பார்க்கிறவனுக்கு இது போதும், புத்தி மழுங்கிவிடும். ஹாலுக்குத் தேவையான நாற்பது பெட்டியையும் வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் டைல்ஸ் வாங்கியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பெரியவரும் தடுக்கவில்லை. "கொண்டாந்து போடுங்க தம்பி, வீடு சும்மாதான கெடக்கு" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. டிரைவர் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் எல்லாவற்றையும் தெற்கு வாசலை ஒட்டி அடுக்கினேன். எப்படியும் அடைக்கப்போகிற வாசல்தானே. அடுக்குவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிரஸ்ஸில் பேப்பர் ரீம் அடுக்கிய கை. மட்டக்கோல் வைத்துப் பார்த்தாலும் கோணல் சொல்ல முடியாது. அடுக்கி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கதவு பாதிக்கு மேல் மறைந்திருந்தது.

மத்தியானம் என் மனைவி தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்தாள். கிழக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எதுக்கு அங்கன அடுக்குனீக?"

"டைல்ஸு. பாதி வெல. கலரப் பாரு."

"எதுக்கு அங்கன அடுக்குனீகன்னு கேட்டேன்."

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. "அந்த வாசல மட்டும் அடைச்சிரலாம்னு கொத்தனார்கிட்டச் சொல்லியிருக்கேன். பீரோ வைக்க எடம் வேணும்ல" என்றேன்.

அவள் தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். "இந்த வீடு வேணாம்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "பதினோரு வீட்ட வேணாம்ன. இந்த வீட்டுல உக்காந்தவ எந்திரிக்கவே மாட்டேன்ன. இப்ப சரக்கு வந்து எறங்குன பெறகு வேணாங்குற. நாப்பது பெட்டி டைல்ஸ தலையில தூக்கிக்கிட்டு வீடு வீடாவா போவேன்? ஊரே சிரிக்காதா? ஒனக்கு நாலு வாசல் எதுக்கு? நாம என்ன நாலா பக்கமும் படை எடுத்துப் போகப் போறோமா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத நன்றாக இருக்காது.

அவள் நேராகப் போய் மேல் பெட்டி ஒன்றைத் தூக்கினாள். பெட்டி நல்ல கனம். வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து ஹாலின் நடுவில் வைத்தாள். திரும்பிப் போய் இன்னொன்று.

"வை கீழ. இடுப்பு புடிச்சுக்கிரும்."

மூன்றாவது பெட்டியைத் தூக்கும்போது பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"அன்னைக்கு மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. சீசன் நேரம். லோடு ஏத்த லாரி வரல. முடிச்ச சரக்க வெளிய வச்சா நனைஞ்சிரும், தெக்கு வாசல்ல வைங்க, லாரி வந்ததும் எடுத்துரலாம்னு போர்மேன் சொன்னாரு. நான் வடக்க பாத்து உக்காந்திருந்தேன். எங்கூட வேன்ல வார்றவ ஒருத்தி, ஒரே ஊரு, அவ தெக்க பாத்து உக்காந்திருந்தா."

பெட்டியை வைத்தாள்.

"சத்தம் கேட்டதும் நான் இப்பிடி ஓடிட்டேன். அவ தெக்க ஓடுனா. அவளுக்கு அந்த வாசல்தான் பழக்கம்."

போர்மேனைத் திட்டலாமா, கம்பெனிக்காரனைத் திட்டலாமா என்று மனசு யாரையோ தேடியது. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சரக்க அடுக்குனது நாந்தாங்க. கோணாம, நேரா, அழகா அடுக்குனேன்."

இருபத்திரண்டு வருஷம் நான் உள்ரூமில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இவள் இதோடு வாசலில் படுத்துக் கிடந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பெட்டியை ஒன்றாகத் தூக்கினேன். நடுமுதுகில் சுளீர் என்றது, விடவில்லை. "நீ உக்காரு" என்றேன். அவள் உட்காரவில்லை. இரண்டு பேருமாக மற்ற பெட்டிகளையும் நகர்த்தினோம். அடுக்கவில்லை. கண்டபடி ஹாலில் போட்டோம். கதவு மழையில் ஊதி இறுகிக் கிடந்தது. சத்தம் கேட்டு வந்த பெரியவர், தான் வைத்த கதவாயிற்றே என்று, கீழ்மூலையில் எங்கே உதைக்க வேண்டுமோ அங்கே உதைத்துப் பிடித்து இழுத்தார். திறந்துகொண்டது.

அவள் வெளியே போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். அங்கே சீமைக்கருவேலையும் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியும்தான் இருந்தன.

"அந்தப் பிள்ள பேரு என்ன?" என்று கேட்டேன்.

சொன்னாள். அந்தப் பேரை அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்தோம். பத்திரம் முடிந்து வேலை ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கதவுகளை மாற்றச் சொன்னேன். கொத்தனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முணுமுணுப்போடு சரி. கடைசியாகத் தெற்குக் கதவு மாட்டிய அன்று மத்தியானம், அவள் வேலையாட்களுக்கு மோர் கொடுத்துவிட்டு ஹாலில் ஒரு சிமெண்டுச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். நாலு கதவும் திறந்து கிடந்தன. கொஞ்ச நேரத்தில் அப்படியே சரிந்து தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையை நீட்டிப் போட்டுக்கொண்டு, லேசாகக் குறட்டை வேறு. அவளுக்குக் குறட்டை வரும் என்பதே எனக்குத் தெரியாது.

சுவரைக் கொத்தக் கையை ஓங்கிய கொத்தனார் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடிங்க, முழிக்க மாட்டா" என்றேன்.

அவருக்கு மனசு வரவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு அதற்குமேல் வேலை நடக்கவில்லை. கூலியை முழுசாகவே கொடுத்தேன்.